புலிக்காட்டுப் பிள்ளையார்

எங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் முதல் பத்திரிகை பிள்ளையாருக்குத்தான். தெருக்கோடிக் கோயிலில் அவர் காலடியில் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்து வந்த பிறகே மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிப்போம். என் நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் மாமியார் திடீரென்று ஒரு புதுச் செய்தி சொன்னார்.

"ராஜஸ்தான்ல ஒரு பிள்ளையாருக்குத் தபால்லயே பத்திரிகை அனுப்புறாங்களாம்மா. தபால்காரர் மூட்டை மூட்டையா மலை மேல கொண்டு போய்க் குடுக்கிறாராம். பூசாரி ஒவ்வொண்ணையும் சாமி முன்னால படிச்சுக் காட்டுறாராம்."

"அப்படியானால் நாமும் ஒரு தபால் போட்டுவிடலாமே, அத்தை" என்றேன்.

"சொந்தப் பேத்தி கல்யாணத்துக்குத் தபால்ல கூப்பிட்டா மரியாதையா இருக்குமா? நேர்ல போய் வெத்தலை பாக்கோட வச்சுக் கூப்பிடணும்" என்றார். எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலிக்குத் தைலம் தடவாமல் ஒரு ராத்திரி தூங்கமாட்டார்.

என்னவர் தேசப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிள்ளையார் குடியிருப்பது ரண்தம்போர் கோட்டைக்குள். கோட்டை இருப்பது புலிக் காப்பகத்தின் நட்டநடுவில்! அவ்வளவுதான், எட்டு வயது அருண் துள்ள ஆரம்பித்துவிட்டான். என்னவருக்கோ பறவைப் பைத்தியம். "அதே ரயில் பாதையில் பரத்பூர் இருக்கிறது, பறவைகளையும் பார்த்துவிடலாம்" என்றார். ஆக, மாமியாருக்குப் பிள்ளையார், பிள்ளைக்குப் புலி, அவருக்குப் பறவை. உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு வாரம் அடுப்படிக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றிருப்பேன்.

சென்ற மார்கழியில் கிளம்பினோம். டெல்லியில் கொழுந்தனார் வீட்டில் ஒரு நாள் தங்கி, அங்கிருந்து மதுரா, பரத்பூர் வழியாக சவாய் மாதோபூருக்கு ரயில். ஸ்டேஷன் சுவரிலேயே புலியும் மயிலும் சித்திரமாக வரவேற்கின்றன. காட்டுக்குள் நம் இஷ்டப்படி நுழைய முடியாது. பெயரும் அடையாள அட்டை விவரமும் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆறு பேர் உட்காரும் திறந்த ஜீப் ஒரு வகை, 'ஜிப்ஸி' என்கிறார்கள். இருபது பேர் உட்காரும் திறந்த லாரி போன்றது இன்னொரு வகை, அதற்கு 'கேன்டர்' என்று பெயர். காட்டைப் பத்து வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த வண்டிக்கு எந்த வட்டாரமோ அதற்குள்தான் சுற்ற வேண்டும். முக்கியமான வட்டாரங்கள் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் மூடியிருக்கும்.

முதல் சவாரி விடியற்காலையில், கேன்டரில். அந்தக் குளிரை என்னவென்று சொல்ல! நம் ஊர் மார்கழிக் குளிரை நினைத்துக்கொண்டு ஒரு ஸ்வெட்டரோடு வந்திருந்தேன். திறந்த வண்டி ஓட ஆரம்பித்ததும் காது இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. மாமியார் புடவைக்கு மேல் என்னவருடைய கோட்டு, தலையில் மஃப்ளர், அதற்கு மேல் போர்வை என்று ஒரு மூட்டையாக உட்கார்ந்திருந்தார். விடுதிக்காரர்கள் மடியில் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பை கொடுத்தார்கள், மகராசர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைப் பெண்கள் பத்திரிகையில்தான் எழுத முடியும். ஒரு சவாரி மூன்று, மூன்றரை மணி நேரம். நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க முடியாது. குளிரோ கேட்க வேண்டாம். ஆகவே கிளம்புமுன் ஆசைக்கு இரண்டு தம்ளர் காபி குடிக்காதீர்கள். குழந்தைகளையும் குளியலறைக்கு அனுப்பிவிட்டே வண்டி ஏற்றுங்கள். பாதை முழுக்கக் கல்லும் பள்ளமும்தான். கர்ப்பிணிகள் இந்தச் சவாரிக்கு வராமலிருப்பதே நல்லது. இழுப்பு, தூசி ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு மூக்கை மூட மெல்லிய துணியும், வழக்கமான மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

காடு என்றதும் முதுமலை போல அடர்ந்த பச்சையை நினைத்திருந்தேன். இது வேறு தினுசு. வறண்ட பாறை மலைகள், 'தோக்' என்ற குட்டை மரங்கள், வெளிறிய மஞ்சள் புல். இடையிடையே ஏரிகள். பதம் தலாவ், ராஜ் பாக், மாலிக் தலாவ் என்று பெயர் சொன்னார் வழிகாட்டி. பதம் தலாவ் கரையில் ஜோகி மகால் என்ற சிவப்புக் கல் மாளிகை. பக்கத்தில் விழுது விழுதாக இறங்கி நிற்கும் பிரம்மாண்டமான ஆலமரம். "நம்ம அடையாறு ஆலமரத்துக்குத் தங்கச்சி போல இருக்கு" என்றார் மாமியார்.

ஏரியில் சாம்பர் மான்கள் வயிறு வரை தண்ணீரில் இறங்கி, நீர்ச்செடியைக் கீரை பறிப்பதுபோல் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. கரையில் முதலை ஒன்று அசையாமல் வெயில் காய்ந்தது. வண்டி நின்ற இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் நீள வாலுடன் ஒரு பறவை பறந்து வந்து வண்டிக் கம்பியில் உட்கார்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்தது. நம் பக்கத்தில் வால்காக்கை என்பார்களே, அதுதான். யாரோ பிஸ்கட்டை நீட்ட, கையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது! வழிகாட்டி கோபித்தார். காட்டில் எதற்கும் தீனி கொடுக்கக் கூடாதாம். நியாயம்தான். ஆனால் அந்தப் பறவைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலும்.

புலி மட்டும் கண்ணில் படவில்லை. மண்ணில் அதன் காலடித் தடத்தை மட்டும் காட்டினார்கள். என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன், அதைவிடப் பெரிது. பின் வரிசையில் ஒருவர், "இத்தனை பணம் கொடுத்து மானைப் பார்க்கவா வந்தோம்?" என்று அலுத்துக்கொண்டே வந்தார். வழிகாட்டி பதில் சொல்லாமல் சிரித்தார். தினமும் கேட்கிற வசனமாயிருக்கும்.

அவர் சொன்ன கதைகள் எனக்குப் புலியைவிடப் பிடித்திருந்தன. இது ஜெய்ப்பூர் மகாராஜாக்களின் வேட்டைக் காடாம். 1961-ல் இங்கிலாந்து ராணி வந்திருந்தபோது அவர் கணவர் பிலிப் இங்கே ஒரு புலியைச் சுட்டிருக்கிறார். அன்றைக்கு அது விருந்தாளிக்குச் செய்யும் உபசாரம்! 1973-ல் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் இதுவும் ஒன்று. அரியானா பக்கம் போகிற வழியில் உள்ள சரிஸ்கா காட்டில் 2005-க்குள் ஒரு புலிகூட மிச்சமில்லாமல் கள்ள வேட்டைக்காரர்கள் அழித்துவிட்டார்கள். 2008-ல் இங்கிருந்துதான் புலிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி அங்கே குடிவைத்தார்களாம். ஆக, ரண்தம்போர் சரிஸ்காவுக்குத் தாய்வீடு.

இந்த ஏரிகளை ஆண்ட ராணி ஒருத்தி இருந்தாள். முகத்தில் மீன் போன்ற ஒரு குறி, அதனால் 'மச்லி' என்று பெயர். 2003-ல் பெரிய முதலை ஒன்றோடு சண்டையிட்டுக் கொன்றவள். அதில் பற்கள் போயின. பல்லில்லாமலேயே குட்டிகளைப் போட்டு வளர்த்தாள். காட்டில் ஒரு புலி பதினைந்து வயதைத் தாண்டுவதே அபூர்வம். இவள் ஏறக்குறைய இருபது வயது வரை இருந்து 2016 ஆகஸ்டில் செத்துப்போனாள். மனிதர்களுக்குப் போல மாலை போட்டுத் தகனம் செய்திருக்கிறார்கள். இப்போது இந்த ஏரிகளைச் சுற்றியிருக்கும் புலிகளில் பல அவளுடைய பேத்தி, கொள்ளுப்பேத்தி வம்சம்.

புலிகளில் குட்டி வளர்ப்பது முழுக்கத் தாயின் பொறுப்பு. ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒற்றை ஆளாய் வேட்டையாடி, ஊட்டி, கற்றுக்கொடுத்து ஆளாக்க வேண்டும். தகப்பன் எட்டிப் பார்த்தால் அதிசயம். ஆனால் 2011-ல் இங்கே ஒரு தாய்ப்புலி செத்துப்போக, அநாதையான இரண்டு பெண் குட்டிகளை ஓர் ஆண் புலி பாதுகாத்து வளர்த்ததைக் காமிராவில் பார்த்து வனத்துறையினரே திகைத்துவிட்டார்களாம். இதைக் கேட்டதும் நான் என்னவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பைனாகுலரைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

மத்தியானச் சவாரிக்கு ஜிப்ஸி கிடைத்தது. வெயில் இதமாக இருந்தது. ராஜ் பாக் ஏரியைச் சுற்றி வந்தபோது மலைச்சரிவிலிருந்து 'பாங்க்' என்று ஒரு சத்தம், பழைய பஸ்ஸின் ஹாரன் மாதிரி. டிரைவர் சட்டென்று இன்ஜினை நிறுத்தினார். சாம்பர் மானின் அபாயக் குரலாம் அது. மறுபடி அதே குரல். மரத்தின் மேலிருந்த குரங்குகள் இருமுவதுபோல் கத்தின. புல்வெளியில் மேய்ந்த புள்ளிமான்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, முன்காலைத் தட்டிக்கொண்டு நின்றன. அருண் என் கையை இறுகப் பிடித்தான்.

புல் அசைந்தது. முதலில் தலை, பிறகு தோள், பிறகு ஒரு நீண்ட உடம்பு. எந்த அவசரமும் இல்லை. எங்கள் வண்டிக்கு முன்னால், நம் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டுத் திண்ணை இருக்கும் தூரத்தில், பாதையில் ஏறி நடந்து வந்தது. ஒரு மரத்தடியில் நின்று, பின்பக்கத்தைத் திருப்பி அடையாளம் பீய்ச்சியது. எங்களை ஒரு தரம் பார்த்தது. பார்த்தது என்று சொல்வதைவிட, எங்களைத் தாண்டி வேறு எதையோ பார்த்தது என்று சொல்லலாம். சர்க்கஸில், மிருகக்காட்சி சாலையில் பார்த்த புலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நடையில் ஒரு சத்தமும் இல்லாதது எனக்கு நெஞ்சை அடைத்தது.

பெண் புலி. வயிற்றுப் பக்கம் தொங்கியிருந்தது. பால் கொடுக்கிற உடம்பு, குட்டிகளை எங்கோ பாறை இடுக்கில் மறைத்து வைத்துவிட்டு இரை தேடக் கிளம்பியிருக்கிறாள் என்று வழிகாட்டி கிசுகிசுத்தார். மாமியார் போர்வைக்குள்ளிருந்து மெல்லச் சொன்னார்: "பெத்த உடம்பு, பாவம். பாரும்மா, இடுப்பெலும்பு தெரியுது. இன்னும் சாப்பிட்டிருக்காது."

ஐந்து நிமிஷம் இருக்கும். பாதையைக் கடந்து மறுபக்கப் புல்லுக்குள் இறங்கியது. அவ்வளவு பெரிய மிருகம், தண்ணீரில் சர்க்கரை கரைகிற மாதிரி மறைந்துபோனது. என்னவர் காமிராவை எடுக்கவே மறந்திருந்தார். காட்டின் அழகைப் பற்றி அன்று இரவு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கோயில். அடிவாரத்தில் கணேஷ் தாம் என்ற இடத்திலிருந்து கோட்டை வரைக்கும் பாதை காட்டுக்குள்தான் போகிறது. வாடகை ஜீப்பில் ஏறினோம். டிரைவர் நடுத்தர வயதுக்காரர், ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர், ஒரு வளைவு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். 2025 ஏப்ரலில், ஒரு புதன்கிழமை, குடும்பத்தோடு சாமி கும்பிட்டுவிட்டு இந்தப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனைப் புலி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்த மே மாதத்தில் ஒரு வனக் காவல் அதிகாரி. ஜூனில் கோட்டைக்குள் இருந்த ஒரு கோயிலின் காவலாளி. மூன்று மாதத்துக்குள் மூன்று உயிர்.

என்னவர் இந்தியில் கேட்டு எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழு வயது என்று சொல்லும்போது அவர் அருணைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு தாய்ப்புலி நோய்வாய்ப்பட்டு வேட்டையாட முடியாமல் போக, அதற்கு இரையைக் கட்டி வைத்தார்களாம். அந்தத் தீனியில் வளர்ந்த குட்டிகளுக்கு மனித வாசனையில் இருக்க வேண்டிய பயம் விட்டுப்போனது என்று அப்போது பேசிக்கொண்டார்களாம். அந்தக் குடும்பத்துக்கு இந்த விளக்கம் எதுவும் ஆறுதலாகப் போவதில்லை. முந்தின நாள் "பாவம், சாப்பிட்டிருக்காது" என்று சொன்ன மாமியார், மடியிலிருந்த தாம்பூலப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தார்.

கோட்டை வாசலில் இறங்கிப் படி ஏற வேண்டும். அகலமான கல் படிகள், ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய பெரிய வாசல்கள். மாமியார் பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, கொண்டுவந்த வெந்நீரை ஒரு வாய் குடித்து, "இன்னும் எவ்வளவு?" என்று கேட்காமலேயே ஏறினார். எங்களைத் தாண்டி கிராமத்துப் பெண்கள் மஞ்சளும் சிவப்புமாய் முக்காடு போட்டு, இடுப்பில் குழந்தையோடு, பாட்டுப் பாடிக்கொண்டு ஏறிப் போனார்கள். வால் நீண்ட கருமுகக் குரங்குகள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து யார் பையில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தன.

இந்தக் கோட்டையை ஹம்மீர் என்ற சௌஹான் ராஜா ஆண்டபோது டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி முற்றுகையிட்டு 1301-ல் பிடித்தான். தோல்வி நிச்சயமானதும் அரண்மனைப் பெண்கள் தீக்குளித்தார்கள் என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குப் பெருமையாக இல்லை. அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. முற்றுகையின்போது கோட்டைக்குள் தானியம் தீர்ந்துபோக, ராஜாவின் கனவில் விநாயகர் வந்து கவலைப்படாதே என்றாராம், விடிந்ததும் களஞ்சியம் நிறைந்திருந்ததாம். அந்தக் கதை பரவாயில்லை. காலியான அரிசி டின்னைத் தட்டிப் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கனவின் அருமை தெரியும்.

கோயில் சிறியது. செந்தூரம் பூசிய முகம், மூன்று கண்கள். திரிநேத்ர கணேஷ் என்று பெயர். இரு பக்கமும் ரித்தி, சித்தி என்று இரண்டு மனைவிகள். இரண்டு பிள்ளைகளும் உண்டு, சுபம், லாபம் என்று பெயராம். மாமியார் அதிர்ந்துவிட்டார். "நம்ம பிள்ளையார் ஆத்தங்கரையில, அம்மா மாதிரி பெண்ணு வேணும்னு ஒண்டியா உட்கார்ந்திருக்கார். இங்க வந்து ரெண்டு கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?" என்றார். "அதனால்தான் அத்தை, கல்யாணப் பத்திரிகையெல்லாம் இவருக்கு வருகிறது" என்றேன்.

உண்மையிலேயே ஒரு ஓரமாகப் பத்திரிகைகள் குவிந்திருந்தன. வட இந்தியாவின் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவை. கிருஷ்ணன், ருக்மிணி கல்யாணத்துக்கே முதல் அழைப்பு இவருக்குத்தான் வந்தது என்கிறார்கள். மாமியார் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், மேலே தமிழில் அச்சடித்த எங்கள் பத்திரிகையை வைத்து நீட்டினார். பூசாரி வாங்கிப் புரட்டிப் பார்த்தார், எழுத்து புரியவில்லை. என்னவர் இந்தியில் சொல்ல ஆரம்பிக்குமுன் மாமியாரே முன்னால் வந்து, பிள்ளையாரைப் பார்த்து, பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், நட்சத்திரம், முகூர்த்த நேரம், மண்டபம் இருக்கிற தெரு, பஸ் ஸ்டாப் எல்லாவற்றையும் தமிழிலேயே சத்தமாகச் சொல்லி, "அவசியம் வரணும், குடும்பத்தோட" என்று முடித்தார். பூசாரி சிரித்துக்கொண்டே பத்திரிகையைச் சாமி பாதத்தில் வைத்தார்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. மாமியாரை ஒரு கையில் தாங்கி, ஒரு படி ஒரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன். மறு கையில் அருண். ஒரு வளைவில் மாமியார் கால் பிசகித் தடுமாற, அவரைப் பிடிக்க அருணின் கையை விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவன் இல்லை. கீழே வாசல் இருட்டாக இருந்தது. அதற்கு அப்பால் மதில் உடைந்து, மரமும் புதருமாகச் சரிவு. கூப்பிட்டேன். குரலே எழும்பவில்லை. என்னவர் முன்னால் போய்விட்டிருந்தார். எத்தனை நேரம் என்று கேட்டால், பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒரு நிமிஷம்கூட இராது. அந்த ஒரு நிமிஷத்தில் முந்தின நாள் பார்த்த அந்தச் சத்தமில்லாத நடை என் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

குரங்குக் குட்டி ஒன்று தாய் வயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க மதிலோரமாக ஓடியிருக்கிறான். அங்கே உட்கார்ந்து மாலை விற்ற ஒரு கிழவி அவன் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள். எனக்குப் புரியாத பாஷையில் என்னைத் திட்டினாள். நான் போன வேகத்தில் அருண் முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழவில்லை. திகைத்துப் பார்த்தான். பிறகு நான் அழுதேன். கிழவி திட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் செம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். மாமியார் வந்து, அவளிடம் இருந்த மாலைகளை மொத்தமாக வாங்கினார். இவ்வளவு மாலையை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

காட்டுப் பாதைகளில் குழந்தை ஒருவர் பொறுப்பு என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதற்குப் பிறகுதான் தீர்மானித்தோம். அருண் அப்பாவிடம், அத்தை என்னிடம்.

அன்று மாலை ஊருக்கு வெளியே தஸ்தகார் என்ற கைத்தொழில் கூடத்துக்குப் போனோம். காட்டுக்குள் இருந்த சில கிராமங்களை 1970-களில் வெளியே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். புலிக்கு இடம் கிடைத்தது, சரி. விறகும் மேய்ச்சலும் போன அந்தக் குடும்பங்களின் பெண்களுக்குக் கையில் ஒரு வருமானம் வேண்டுமே என்று 1989-ல் ஆரம்பித்தது இந்த வேலை. ஒட்டுத் துணி வேலை, அச்சு, பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய். எல்லாவற்றிலும் புலியும் மயிலும் மீனும். தையல் நேர்த்தியை உற்றுப் பார்த்தேன். பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தம். தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் என்னவர் மூலம் "நீங்கள் புலியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். விறகு பொறுக்கப் போனபோது இரண்டு தரம் என்றார், ஊசியிலிருந்து கண் எடுக்காமலே. "பயமாக இல்லையா?" என்றதற்கு, "அடுப்பு எரிய வேண்டுமே" என்றார். ஒரு ரஜாய் வாங்கினேன். பேரம் பேசவில்லை.

மறுநாள் பரத்பூர். ஒரு ரகசியம் சொல்லட்டுமா? திரும்ப எங்காவது போகச் சொன்னால் நான் இங்கேதான் போவேன். பூங்காவின் பெயர் கேவலாதேவ், உள்ளே இருக்கும் சிவன் கோயிலின் பெயர் அது. சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். நடுவே மரம் சூழ்ந்த தார்ச்சாலை, இரு பக்கமும் தண்ணீர். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தால் போதும், ஓட்டுகிறவரே வழிகாட்டி. எங்களுக்கு வாய்த்தவர் வெள்ளைத் தாடி வைத்த ஒரு சர்தார்ஜி. எந்த மரத்துப் பொந்தில் எந்த ஆந்தை என்பது நமக்கு அஞ்சறைப் பெட்டியில் எந்தக் கிண்ணத்தில் வெந்தயம் என்பது போல அவருக்கு. குலுங்கல் இல்லை, தூசி இல்லை, மாமியார் முழங்காலுக்கு வேலை இல்லை.

பனிமூட்டம் கலைந்ததும் தண்ணீர் முழுக்கப் பறவை. ரோஜா நிறச் சிறகு முனையும் மஞ்சள் மூக்குமாக நாரைகள் மரம் மரமாக உட்கார்ந்திருந்தன. கூட்டில் தாயளவு வளர்ந்துவிட்ட அழுக்குப் பழுப்புக் குஞ்சுகள், இன்னும் வாயைத் திறந்துகொண்டு சோறு கேட்டன. இந்த நாரை நம் வேடந்தாங்கலுக்கும் வருவதுதான். பாம்புத் தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தியது. திபெத்துப் பக்கத்திலிருந்து இமயமலையையே தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்துகள், அவ்வளவு தூரம் வந்த அலட்டல் எதுவுமில்லாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஆள் உயரச் சாரஸ் கொக்குகள் ஜோடியாக நின்றன. சில இடங்களில் புதுமணத் தம்பதிகளுக்கு இந்த ஜோடியைக் காட்டுவது வழக்கமாம். மாமியார் உடனே பேத்தி பெயரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தாமரை இலைக்கோழியைப் பற்றி சர்தார்ஜி சொன்னதைக் கேளுங்கள். பெண் முட்டையிடுவதோடு சரி, வேறு துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும், குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான்! இம்முறை என்னவரே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கோயிலுக்குப் பக்கத்தில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரப் பிரபுக்கள் இங்கே ஒவ்வொரு வருஷமும் எத்தனை பறவை சுட்டார்கள் என்ற கணக்கு. 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள். அருண் அந்த எண்ணை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எல்லாத்தையும் சாப்பிட்டாங்களாம்மா?" என்றான். என்ன சொல்வது?

துப்பாக்கி போனபின் வந்த கதையும் லேசானதில்லை. இந்த ஏரி இயற்கையானதல்ல. பரத்பூர் ராஜா சூரஜ்மல் காலத்தில் கட்டிய அஜன் அணையால் உண்டானது. சுற்றுப்புறக் கிராமத்து எருமைகள் தலைமுறை தலைமுறையாக இதில் மேய்ந்து வந்தன. 1982-ல் மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, சிலர் இறந்தும் போனார்கள். பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? எருமை இல்லாததால் தண்ணீரில் புல் மண்டி, பறவை இறங்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டது. தடை வேண்டும் என்று சொன்ன பறவை நிபுணர்களே, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் நீண்ட ஆய்வுக்குப் பிறகு, எருமைகள் ஏரிக்கு உதவியாகத்தான் இருந்தன என்று ஒப்புக்கொண்டார்கள். வீட்டில் பழைய வேலைக்காரியை அவசரப்பட்டு நிறுத்திவிட்டுப் பிறகு அவள் என்னென்ன செய்தாள் என்று கண்டுபிடிப்போமே, அதுபோல. ஆனால் இங்கே உயிர்கள் போயிருக்கின்றன. சர்தார்ஜி இதைச் சொல்லும்போது ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்.

சைபீரியாவிலிருந்து வெள்ளைக் கொக்குகள் இங்கே குளிர்காலத்துக்கு வந்துகொண்டிருந்தன. வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்து, கடைசியாக ஒரு ஜோடி வந்தது 2001-2002 குளிர்காலத்தில். அப்புறம் வரவேயில்லை. சர்தார்ஜி அந்த ஜோடியைப் பார்த்தவர். நின்ற இடத்தைக் கையால் காட்டினார். அங்கே இப்போது ஒரு நீலத் தாழைக்கோழி நடந்துகொண்டிருந்தது. என்னவர் வெகு நேரம் பைனாகுலரை அந்த இடத்திலேயே வைத்திருந்தார்.

திரும்புகிற வழியில் மேட்டில் சுருண்டு வெயில் காய்ந்த மலைப்பாம்பைப் பார்த்து மாமியார் ரிக்‌ஷாவிலேயே கால்களை மேலே தூக்கிக்கொண்டதை மட்டும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

மாலை ரயில் பனியினால் மூன்று மணி நேரம் தாமதம். பரத்பூர் பிளாட்பாரத்தில் ரஜாயைப் பிரித்து மூன்று பேரும் அதற்குள் உட்கார்ந்தோம். நடுவில் அருண். என்னவர் டீ வாங்கப் போயிருந்தார்.

"அம்மா, அந்தப் புலியோட குட்டிக்கு அன்னைக்குச் சாப்பாடு கிடைச்சிருக்குமா?" என்றான் அருண்.

நான் பதில் சொல்லுமுன் மாமியார், "கிடைச்சிருக்கும்டா கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மான்தான் கிடைச்சிருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார். ரஜாய்க்கு அடியில் அவர் கை அருண் கையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையை நான் பிடித்திருந்தேன். தனக்குப் பசிக்கிறது, தயிர்சாதம் வேண்டும் என்றான் அவன்.